அந்தப் பதின்மூன்று ஆண்டுகள்



அலோர் காஜா வட்டாரத்தின் மனநலக் கூட்டம் இது. ஆனாலும் பேச்சைச் செம்பனைக் காட்டிலிருந்துதான் தொடங்கியாக வேண்டும். முதுகில் பம்பு, முகத்தில் ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. அப்படி வரிசை வரிசையாக மருந்து அடித்த பெண்கள்தான் இந்தக் கதையின் நாயகிகள். அவர்களுக்கு மூக்கில் ரத்தம் வடிந்ததையும் தோல் வெந்ததையும் தொழிலாளர் உரிமை அமைப்பான தெனாகானித்தா 2002இல் அறிக்கையாக்கியது. அந்த மருந்துகளில் ஒன்றான பாராகுவாட் களைக்கொல்லியைக் கைவிட அதே ஆண்டு மலேசிய அரசு முடிவெடுத்தது. 2006இல் அந்த முடிவு தளர்ந்தது. முழுத் தடை 2020 ஜனவரி 1இல்தான் வந்தது. தளர்ந்ததற்கும் தடைக்கும் நடுவே பதின்மூன்று ஆண்டுகள்!

களைக்கொல்லிக்கும் மனநலத்துக்கும் என்ன உறவு? 1988லேயே மனநல மருத்துவர் டி. மணியம் கேமரன் மலையை ஆராய்ந்து எழுதினார். தற்கொலையில் இந்தியர்களின் பங்கு அதிகம், விவசாய நஞ்சு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று அன்றே தெரிந்துவிட்டது.

சில மேடைகளில் வேறு பாட்டுப் பாடுகிறார்கள். 'நம் பிள்ளைகளுக்கு மனவலிமை போதாது' என்கிறார்கள். லயத்து வீட்டில் ஒருநாள் இருந்து பார்த்தவர்களா அவர்கள்? மாலையோடு வந்து படத்தோடு திரும்புகிறவர்கள், செத்த பிள்ளையின் குணத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்!

இலங்கையைப் பாருங்கள். 1995இல் அங்கே லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையில் இறந்தார்கள். கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். இருபது ஆண்டுகளில் அந்த விகிதம் ஏறக்குறைய எழுபது விழுக்காடு இறங்கியது. 93,000 உயிர்கள் தப்பியதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். விளைச்சல் குறையவில்லை. அந்த மக்களின் மனவலிமையா ஒரே நாளில் கூடியது? கொந்தளிப்பு வந்த நேரத்தில் நஞ்சு கையில் இல்லை. அந்த நேரம் கடந்தது, ஆள் பிழைத்தார்.

தமிழ்நாட்டில் காட்டுமன்னார்கோயில் பக்கம் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் ஊருக்குப் பொதுவான பூச்சிமருந்துக் கிடங்கு கட்டினார்கள். வங்கி லாக்கர் போலப் பூட்டிய பெட்டிகள். விவசாயிகள் மறுக்கவில்லை, மனமுவந்து வைத்தார்கள்.

இங்கே மலேசியாவிலோ, தற்கொலைக்கு முயன்று பிழைத்தவருக்கும் வழக்குப் பயம் இருந்தது. தண்டனைச் சட்டம் 309ஆம் பிரிவின்படி ஓராண்டுவரை சிறை. அது 2023இல்தான் நீங்கியது. அதுவரை எத்தனை குடும்பங்கள் மருத்துவமனையில் 'தெரியாமல் குடித்துவிட்டான்' என்று சொல்லிக் கண்ணீரை விழுங்கின!

உங்கள் கைதட்டல் அந்த மருந்தடித்த பெண்களுக்கே போகட்டும். அந்தப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு அவர்களிடம் இதுவரை யார் மன்னிப்புக் கேட்டார்?

கோயில், பள்ளி நிர்வாகக் குழுவினருக்கு ஒரு கோரிக்கை, உங்கள் எல்லோருக்கும் ஒரு கோரிக்கை. சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555. அது ஒவ்வொரு கோயில் பலகையிலும், தமிழ்ப்பள்ளிச் சுவரிலும் இந்த மாதமே எழுதப்பட வேண்டும். அடுத்து, மாவட்ட கிளினிக்கில் தமிழில் பேசும் மனநல ஆலோசகர் வேண்டும் என்ற மனு வாசலில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள்.