பின்னாலிருந்து தள்ளும் ரயில்

கனவுப் பயணம் எங்கே என்று கேட்டால், நம்மில் பல பேர் சுவிட்சர்லாந்து என்போம். அந்த நாட்டுக்காரர் ஒருவருடைய மூளை நம்ம மேட்டுப்பாளையத்திலேயே வேலை செய்துகொண்டிருக்கிறது!

ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர், செங்குத்தான மலையில் ரயில் ஏற ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் கொண்ட இரும்புச் சட்டங்கள் இருக்கும். என்ஜினின் பல்சக்கரம் அவற்றைக் கவ்விக் கவ்வி மேலே ஏறும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரயில் பாதையில், கல்லாறிலிருந்து குன்னூர் வரை இந்த ஏற்பாடுதான். 12 அடி நகர்ந்தால் 1 அடி உயரும் அளவுக்கு அங்கே ஏற்றம். பெட்டிகள் பின்னோக்கி நழுவிவிடக் கூடாது என்று, என்ஜின் முன்னால் நின்று இழுக்காமல் பின்னாலிருந்து தள்ளும்.

1899-இல் குன்னூர் வரைக்கும், 1908-இல் ஊட்டி வரைக்கும் இந்த மலை ரயில் ஓடத் தொடங்கியது. மொத்தம் 46 கிலோமீட்டர், 16 சுரங்கங்கள். 2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

மேலே போய்ச் சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். ஒருத்தர் பக்கத்து சீட்டுக்காரரிடம் அலுத்துக்கொண்டாராம்: "பஸ்ஸிலே போயிருந்தா ரெண்டு மணி நேரத்திலே ஊட்டியிலே இருக்கலாமே!"

அவர் சொன்னார்: "ஒரே டிக்கெட்டுக்குக் கூடுதலா மூணு மணி நேரம் உட்கார வைக்கிறாங்க. அதை ஏன் சார் விடணும்?"