பொருள் இருக்கிறது, பெயர்தான் தெரியவில்லை

(அறக்கட்டளையின் கல்வி உதவி வழங்கும் நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரை)



உதவி வழங்கும் நாளில் செயலாளர் ஆண்டுக் கணக்கை வாசிப்பது வழக்கம். கணக்கை அச்சிட்டு வாசலில் ஒட்டியிருக்கிறோம், பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கில் ஏறாத ஒரு நஷ்டத்தை மட்டும் உங்கள் முன் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

சென்ற ஆண்டு குன்னம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் தம் தாயாருடன் நம் அலுவலகத்துக்கு வந்தார். நம் பெரம்பலூர் மாவட்டத்தில் மக்காச்சோளம் எவ்வளவு விளைகிறது என்பது உங்களுக்குத் தெரியும். பெரிய களத்துக்குக் கதிரடிக்கும் எந்திரம் வந்துவிடும். வீட்டுக்கும் கோழிக்கும் வேண்டியதைப் பெண்கள் கையால்தான் உதிர்க்கிறார்கள். கட்டைவிரல் கொப்பளித்துப் போகும். தாயார் கையைப் பார்த்த அந்தப் பிள்ளை, கைப்பிடியைச் சுற்றினால் கதிர் உதிரும் சிறு எந்திரம் ஒன்றை நோட்டில் வரைந்திருந்தார். மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் திட்டத்தில் தேர்வாகும் மாணவருக்கு 10,000 ரூபாய் கிடைக்கும். இவர் தேர்வாகவில்லை. பள்ளிக் கண்காட்சிக்காவது செய்துவிட வேண்டும் என்று நம்மிடம் கேட்டார். 1,500 ரூபாய் கொடுத்தோம். துஆ செய்து அனுப்பினோம். கடமை முடிந்தது என்று நினைத்தோம்.

மூன்று வாரம் கழித்து அதே பணத்தை அதே உறையில் திருப்பிக் கொண்டு வந்தார்.

"கடையில பேரிங் கேட்டேன். என்ன நம்பர்னு கேட்டாங்க, தெரியல. என்ன சைஸ்னு கேட்டாங்க, விரலால காட்டினேன். சிரிச்சிட்டு, ஒங்க அப்பாவைக் கூட்டிட்டு வான்னு சொல்லிட்டாங்க" என்றார். அவருக்குத் தகப்பனார் இல்லை. அதற்குள் கண்காட்சியும் முடிந்துவிட்டது.

பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நம் ஜமாஅத்தில் இருக்கிறார். அவரிடம் அந்த நோட்டைக் காட்டினோம். ஷாஃப்ட் 12 மில்லிமீட்டர் என்று வரைந்திருந்ததைப் பார்த்தவுடனே, "இது 6201. ஓடாத சீலிங் ஃபேன் ஏதாவது கிடக்குதா? இருந்தா கொண்டு வாங்க, உள்ளே இருக்கும்" என்றார்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சரியாகப் பத்து நாளைக்கு முன்புதான், மாடியில் கிடந்த எரிந்துபோன 11 ஃபேன்களைக் காயலான் கடைக்கு எடை போட்டுக் கொடுத்திருந்தோம். ஒரு ஃபேனுக்கு இரண்டு பேரிங். 22 பேரிங்குகளைப் பழைய இரும்பு விலைக்கு விற்றுவிட்டு, ஒரு பிள்ளையைக் கடை கடையாக அலைய விட்டிருக்கிறோம். நாம் சொன்ன நஷ்டம் இதுதான். அந்தப் பிள்ளைக்குப் பணம் முட்டுக்கட்டையாக இருக்கவில்லை, பொருளும் தலைக்கு மேலேயே கிடந்தது. அதன் பெயரைச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை.

மாணவச் செல்வங்களே, அந்தப் பெரியவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை உங்களுக்கும் சொல்கிறோம். பேரிங்கின் ஓரத்தில் எண் பொறித்திருக்கும். 62 என்று தொடங்கும் எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்கள் உள்துளையைச் சொல்பவை. 00 என்றால் 10 மில்லிமீட்டர், 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. 04 முதல் அந்த எண்ணை 5-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். 6204 என்றால் 20. அரியலூரில் கேட்டாலும் ஜப்பானில் கேட்டாலும் இதே எண்தான். போல்டும் அப்படியே. எம் 6 என்றால் தண்டின் கனம் 6 மில்லிமீட்டர், சாதாரண மரையில் ஒரு சுற்றுக்கு 1 மில்லிமீட்டர் நகரும். எம் 8 என்றால் ஒரு சுற்றுக்கு 1.25. சைக்கிள் செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் அரை அங்குலம். இவ்வளவு தெரிந்தால் கடைக்காரர் சிரிக்கமாட்டார், எழுந்து தேடுவார்.

எங்கே தேடுவது? முதலில் வீட்டிலும் தெருவிலும் தேடுங்கள். சைக்கிள் கடையில் கழித்துப் போட்ட சக்கரத்தில் ஃப்ரீவீல், எஃகுக் குண்டுகள், ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் கனமுள்ள ஸ்போக் கம்பி எல்லாம் இருக்கும். கால் தையல் மெஷினில், மிதிப்பதைச் சுழற்சியாக மாற்றும் அமைப்பு தயாராகவே இருக்கிறது. பழுதான பிரிண்டரில் வழவழப்பான எஃகுக் கம்பியும் சின்ன மோட்டார்களும் கிடைக்கும். கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்க்கில் பலமான காந்தம் இருக்கும். குடையின் கம்பியும் பேனாவின் ஸ்பிரிங்கும்கூட உதவும். கிடைக்காத ஒன்றை மட்டும் லேத் பட்டறையில் கடைந்து வாங்குங்கள். அங்கேயும் வாயால் சொல்லாமல், மில்லிமீட்டரில் அளவு போட்ட படத்தைக் கொடுங்கள். சென்னைப் புதுப்பேட்டையும் ரிச்சி தெருவும் கடைசியாகப் போக வேண்டிய இடங்கள்.

பழையதைப் பிரித்துப் பார்ப்பது கேவலம் என்று பெற்றோர் நினைக்க வேண்டாம். கோவை அருகே கலங்கலில் 1893-இல் பிறந்த ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பில் நிற்காதவர். ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காகப் பிரித்து மறுபடி பூட்டினார். அவருடைய தொழிற்கல்வி அங்கேதான் தொடங்கியது. பின்னாளில் நாடு அறிந்த கண்டுபிடிப்பாளர் ஆனார்.

அளவை எழுதி வைப்பதன் அருமைக்கு இன்னொருவரைச் சொல்லலாம். இன்றைய துருக்கியில் உள்ள தியார்பகிரில் வாழ்ந்த அல்-ஜஸரி 1206-இல் 50 எந்திரங்களைப் பற்றி ஒரு நூலை எழுதி முடித்தார். நீர்க்கடிகாரம், நீர் இறைக்கும் எந்திரம் என்று படம் போட்டதோடு அவர் நிற்கவில்லை. எந்தப் பாகம் எந்த உலோகம், எப்படி வார்ப்பது, எங்கே பொருத்துவது என்று கைவினைஞர் பார்த்துச் செய்யும்படி எழுதினார். டொனால்டு ஹில் என்ற பொறியாளர் 1974-இல் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். 1976-இல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் அந்தப் பெரிய நீர்க்கடிகாரத்தை மீண்டும் செய்து ஓடவிட்டார்கள். 770 ஆண்டு கழித்தும் ஓடுகிறது என்றால், அவர் எழுதி வைத்ததால்தான்.

இனி நாம் செய்யப் போவதைச் சொல்கிறோம். அலுவலகத்தின் பின்னறையில் உதிரிபாக அலமாரி ஒன்று வைத்திருக்கிறோம். ஓடாத ஃபேன், துருப்பிடித்த தையல் மெஷின், உடைந்த சைக்கிள் எதுவானாலும் காயலான் கடைக்குப் போடுமுன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு பெரியவர் இருப்பார். எந்தச் சமுதாயத்துப் பிள்ளையும் வரலாம். வெர்னியர் காலிபர் ஒன்றும் பேரிங் கழற்றும் புல்லர் ஒன்றும் வாங்கியிருக்கிறோம். சுத்தியலால் அடித்துக் கழற்றினால் பேரிங் கெட்டுவிடும். கழற்றியதை விரலில் மாட்டிச் சுழற்றிப் பாருங்கள், கரகரவென்றால் வேண்டாம்.

மூன்று கட்டுப்பாடுகள் உண்டு. முதலாவது, எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத பொருளை வாங்கமாட்டோம். ரயில் பாதையில் கழன்றது, மின்வாரியக் கம்பி, சிமெண்ட் ஆலையிலிருந்து வந்த பாகம் என்று யாராவது மலிவாக நீட்டினால் தொடாதீர்கள். ஹராமான இரும்பில் நல்ல எந்திரம் வேண்டாம். இரண்டாவது, மைக்ரோவேவ் அடுப்பு, பழைய டியூப் டிவி, ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர், செல்போன் பேட்டரி இவற்றைப் பிள்ளைகள் திறக்கவே கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் மைக்ரோவேவின் கண்டென்சரில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் நிற்கும். மூன்றாவது, எடுத்துச் செல்பவர் பாகத்தின் பெயரையும் அளவையும் பதிவேட்டில் தம் கையால் எழுத வேண்டும். பொருளோடு பெயரும் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காகத்தான் இது.

அந்த மாணவியைப் பற்றிக் கேட்பீர்கள். பெரியவர் தம் வீட்டில் கிடந்த ஃபேனைப் பிரித்துக் கொடுத்தார். எந்திரம் ஓடுகிறது. கொஞ்சம் ஆடுகிறது, கதிரும் சில சமயம் சிக்குகிறது, சரிசெய்து வருகிறார். பரிசு ஏதும் கிடைக்கவில்லை. ஆனால் அவர் தாயார் இப்போது கையால் உதிர்ப்பதில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

நம் அலமாரியின் முதல் டப்பாவில் சீட்டு எழுதி ஒட்டியவரும் அவர்தான்: "6201. உள்துளை 12, வெளிவிட்டம் 32, அகலம் 10." அந்த டப்பாவில் இப்போது நான்கே பேரிங்குகள் இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பரணைக் கொஞ்சம் பாருங்கள்.

வஸ்ஸலாம்.