முரட்டுப் பிள்ளை என்று யாரைச் சொல்கிறோம்?

(பெரிய காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெரு ஒன்றில் கூடிய பெற்றோர் – ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது நம்முடைய ஜனங்கள் ஒரு வார்த்தை சொல்வார்கள்: "கண்ணு ரெண்டையும் விட்டுட்டு மீதியை உரிச்சுடுங்க, சார்!" பாசத்தோடுதான் சொல்கிறார்கள். பிள்ளை உருப்பட வேண்டுமே என்ற தவிப்பு அதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளையும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறானே! அவன் மனதில் என்ன பதியும் என்று நாம் யோசித்தோமா?

அடங்காதவன், முரடன், மக்கு, வாய் திறக்காதவள் – இப்படி நாலைந்து பெயர்களை வைத்துக்கொண்டு வகுப்பில் பாதிப் பேரை ஒதுக்கிவிடுகிறோம். இந்தக் குணங்கள் பிறவியிலேயே வந்தவையா? இல்லை என்று நான் சொல்கிறேன். அதற்குச் சாட்சி நம் ஊர்த் தறிக்கூடம்.

கோர்வைச் சேலை நெய்வது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். ஒரு நெசவாளியால் ஆகாது. ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். அந்த இன்னொரு கை பல காலம் ஒரு சிறுவனின் கையாக, ஒரு சிறுமியின் கையாக இருந்தது. கவனம் சிதறினால் இழை பிசகும். இழை பிசகினால் குட்டு விழும். அப்பா வாங்கிய முன்பணம் தீரும்வரை அந்தக் குழந்தை அடுத்தவர் தறியோரத்தில் பொழுதெல்லாம் உட்கார்ந்திருந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986ல் வந்தது. அதற்கெல்லாம் பிறகு, 2003ல் 'ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்' என்ற சர்வதேச அமைப்பு பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரத்தின் பெயரும் இருந்தது. பட்டுக்குப் பெயர் வாங்கிய ஊருக்கு இந்தப் பெயரும் சேர்ந்தது!

தறியிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்காகத் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் கீழ்ச் சிறப்புப் பள்ளிகள் நடந்தன. அப்படி ஒரு பிள்ளை பத்து வயதில் முதன்முதலாக வகுப்பில் உட்காருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கை சும்மா இருக்காது, எதையாவது நோண்டும். பின்னாலிருந்து உபாத்தியாயர் நடந்து வந்தால் தோளைச் சுருக்கிக்கொள்வான். "எழுந்து பதில் சொல்" என்றால் சிலையாக நிற்பான், அல்லது பக்கத்துப் பையனை அடித்துவிடுவான். இது முரட்டுத்தனமா? அடிக்குக் காத்திருந்து பழகிய உடம்பு அது! அடி எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டிருக்கிற மனதில் வாய்ப்பாடு எப்படி ஏறும்? அவனைப் பிரம்பால் அடித்தால் என்ன ஆகும்? "தறியும் இதுவும் ஒன்றுதான், தறியிலாவது கூலி உண்டு" என்று திரும்பிப் போய்விடுவான்.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1ல்தான் திறந்தன. ஒன்றரை வருஷத்துக்கு மேல்! நெசவாளி வீட்டில் அந்த நாட்களில் கூலி இல்லை, கடன் இருந்தது, சண்டை இருந்தது. எல்லாவற்றையும் ஒரே அறையில் உட்கார்ந்து பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தது. இதே சமயத்தில்தான், 2021 ஏப்ரல் முதல், அந்தச் சிறப்புப் பள்ளித் திட்டத்தைத் தனியாக நடத்துவதை விட்டு, பொதுவான பள்ளிக் கல்வித் திட்டத்தோடு சேர்த்தார்கள் டில்லியில்.

சட்டம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அதன் 17வது பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனதைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. "உங்கப்பன் கடன்காரன்" என்று வகுப்பில் சொல்வதும் அதில் சேர்ந்ததுதான். ஆனால் உபாத்தியாயரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. பாடம், பதிவேடு, கணக்கெடுப்பு, தேர்தல் வேலை எல்லாம் அவர் தலையில். பிரம்பைக் கீழே போடு என்று சொன்ன சர்க்கார், அதற்குப் பதிலாக அவர் கையில் என்ன கொடுத்தது? 14417 என்ற உதவி எண் 2018 முதல் இருக்கிறது, நல்லது. ஆனால் வாய் திறக்காத பிள்ளை டெலிபோனில் பேசுமா? பக்கத்தில் உட்கார்ந்து கேட்க, பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் பள்ளிக்கூடத்திலேயே இருக்க வேண்டும். இதைக் கேட்பது பிச்சையல்ல.

அதுவரை நம்மால் ஆனதும் உண்டு. அலைகிற கைக்கு வேலை கொடுங்கள். கரும்பலகை துடைக்கட்டும், நோட்டு எடுத்துக் கொடுக்கட்டும். கோபம் வந்த பிள்ளையை நாற்பது பேருக்கு முன்னால் விசாரிக்காதீர்கள், கோபம் தணிந்த பிறகு தனியே கூப்பிட்டு, "சாப்பிட்டாயா?" என்று முதலில் கேளுங்கள். பாதிக் கோபம் பசிதான். 2022ல் காலை உணவுத் திட்டம் தொடங்கியதே, அதையும் நான் இந்தக் கணக்கில்தான் சேர்க்கிறேன்.

பெற்றோர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். 1953ல் ராஜாஜி கிராமப் பள்ளிகளில் படிப்பைப் பாதி நேரமாக்கி, மீதி நேரம் பிள்ளை அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றார். நாடே எதிர்த்தது, 1954ல் காமராஜர் அதைக் கைவிட்டார். 2016ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று ஒரு வாசலைத் திறந்துவிட்டார்கள். உதவி எங்கே முடிகிறது, வேலை எங்கே தொடங்குகிறது என்று வீட்டுக்குள் வந்து பார்ப்பவர் யார்? இரவு பதினோரு மணி வரை இழை முடிந்த பிள்ளை காலையில் வகுப்பில் தூங்கினால் அதன் பெயர் சோம்பேறி! கூலி கட்டவில்லை, ஆள் வைக்க முடியவில்லை என்பீர்கள். உண்மை. அதற்குக் கூலி உயர்வைக் கேட்போம். பிள்ளையின் தூக்கத்தை எடுத்து ஈடுகட்ட வேண்டாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அடுத்த கூட்டத்தில் ஆலோசகர் வேண்டுமென்று தீர்மானம் போடுங்கள். பகல் கூட்டம் என்றால் ஒரு நாள் நெசவு போகிறது என்று சில தாய்மார்கள் சொன்னார்கள், நியாயம்தான். மாலை ஆறு மணிக்கு மேல் கூட்டத்தை வைக்கும்படி தலைமையாசிரியரிடம் நாளைக்கே போய்க் கேட்போம். யார் யார் வருகிறீர்கள்?