உயிர்த் தகவலியலில் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேர்தல்

டி.என்.ஏ., ஆர்.என்.ஏ., புரதம் ஆகியவற்றின் வரிசைகளைக் கணினியில் சேமித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அவற்றிலிருந்து உயிரியல் உண்மைகளைக் கண்டறியும் துறை உயிர்த் தகவலியல் எனப்படுகிறது. 1965ஆம் ஆண்டில் மார்கரெட் டேஹாஃப் தம் குழுவினருடன் அன்று அறியப்பட்டிருந்த புரத வரிசைகளையெல்லாம் திரட்டியபோது அவை ஒரே நூலுக்குள் அடங்கிவிட்டன. 1982இல் தொடங்கப்பட்ட ஜென்பேங்க் என்னும் தரவுத்தளமோ இன்று கோடிக்கணக்கான வரிசைகளைக் கொண்டு, இணைய இணைப்புள்ள எந்த மாணவருக்கும் கட்டணமின்றித் திறந்திருக்கிறது. தரவு இவ்வளவு எளிதாகக் கிடைப்பதாலேயே, அதனிடம் எதைக் கேட்பது என்று முடிவு செய்யாமல் ஆய்வைத் தொடங்கிவிடும் வழக்கம் இத்துறையில் பரவியிருக்கிறது.

பல தலைப்புகள் கேள்வியிலிருந்து பிறக்காமல் கருவியிலிருந்து பிறக்கின்றன. புதிய மென்பொருள் ஒன்று புகழ்பெற்றவுடன், அதை எந்த நோய்க்குப் பயன்படுத்தலாம் என்று தேடும் ஆய்வேடுகள் வரிசையாக வரத் தொடங்குகின்றன. மூலிகைகளில் உள்ள சேர்மங்களை நோய்க்குரிய ஒரு புரதத்தோடு கணினியில் பொருத்திப் பார்க்கும் 'டாக்கிங்' ஆய்வுகள் நம் நாட்டில் இவ்வகையில் மிகுதியாக நடைபெறுகின்றன. எந்தச் சேர்மத்தைக் கொடுத்தாலும் அந்த மென்பொருள் ஒரு மதிப்பெண்ணைத் தந்துவிடும். அந்த எண் உண்மையான பிணைப்பைக் காட்டுகிறதா என்பதை ஆய்வகத்தில் சோதிக்க வழியில்லாதபோது, ஆய்வின் முடிவு தவறு என்று எவராலும் காட்ட இயலாது. 'இல்லை' என்ற விடைக்கு இடமளிக்காத கேள்வி ஆய்வுக் கேள்வி ஆகாது என்பதால், தலைப்பைத் தேர்பவர் முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டியது இதுவே.

கருவிகள் விரைவில் பழையனவாகிவிடும் என்பதும் எண்ணத்தக்கது. அமினோ அமில வரிசையைக் கொண்டு புரதத்தின் முப்பரிமாண வடிவத்தைக் கணிக்கும் சிக்கலில் பல குழுக்கள் பல்லாண்டுகள் சிறுகச் சிறுக முன்னேறி வந்தன. 2020இல் ஆல்ஃபாஃபோல்டின் இரண்டாம் பதிப்பு அம்முன்னேற்றங்களை ஒரே பாய்ச்சலில் கடந்துவிட்டது. இதற்கு மாறாக, 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர் புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்று கேட்டுக் கண்ட விடை, இன்றைய கணினி தரும் வடிவங்களையும் சரிபார்க்கப் பயன்படுகிறது. அவர்கள் எழுப்பிய கேள்வி எந்தக் கருவியையும் சார்ந்திராததால்தான் அதன் விடைக்கு இத்தனை நீண்ட ஆயுள் வாய்த்தது.

நல்ல கேள்வி எவ்வாறு உருவாகிறது என்பதற்குக் காசநோயை எடுத்துக்கொள்ளலாம். அந்நோயை உண்டாக்கும் நுண்ணுயிரியின் மரபுத்தொகுதி, அதாவது அதன் மரபுச் செய்தி முழுமையும், 1998இல் வெளியிடப்பட்டது. ஏறத்தாழ 44 இலட்சம் எழுத்துகள் கொண்ட அதைச் சாதாரண கணினியிலேயே ஆராய முடியும். ரிஃபாம்பிசின் என்னும் மருந்தை அக்கிருமி எதிர்ப்பதற்குக் காரணமான மரபணு மாற்றங்களுள் பெரும்பாலானவை 81 எழுத்துகள் கொண்ட ஒரு சிறு பகுதிக்குள் அமைந்திருப்பதால், அந்த எதிர்ப்பைக் கண்டறிவது எளிது. மற்றொரு காசநோய் மருந்தான பைரசினமைடின் நிலை வேறு. அம்மருந்து கிருமியின் உள்ளே சென்று, அக்கிருமியின் சொந்த நொதி ஒன்றினால் மாற்றப்பட்ட பின்னரே செயல்படத் தொடங்குகிறது. அந்நொதியை உருவாக்கும் பி.என்.சி.ஏ. மரபணுவின் 561 எழுத்துகளுள் பல இடங்களில் நேரும் மாற்றங்கள் மருந்தைப் பயனற்றதாக்கிவிடலாம். பைரசினமைடு எதிர்ப்பை ஆய்வகத்தில் கண்டறிய அமிலத்தன்மை கொண்ட வளர்ப்பூடகம் தேவைப்படுகிறது. அதில் கிருமியே சரியாக வளராததால் சோதனை முடிவுகள் சில வேளைகளில் பிழையாகின்றன. உலக சுகாதார அமைப்பு 2021இலும் 2023இலும் வெளியிட்ட மரபணு மாற்றப் பட்டியல்களில், விளைவு தெளிவாகாதவை என்று ஒதுக்கப்பட்ட மாற்றங்கள் ஏராளம். அவற்றுள் எவை எதிர்ப்பை விளைவிக்கும் என்பதை நொதியின் வடிவத்தைக் கொண்டு முன்னறிய முடியுமா என்ற கேள்விக்கு 'முடியும்', 'முடியாது' என்னும் இரு விடைகளும் பொருளுடையவை. எந்த விடை வந்தாலும் மருத்துவர் ஒருவருக்கு அதனால் பயன் உண்டு.

இக்கேள்வியைச் சில குழுக்கள் முன்னரே கையாண்டுள்ளன என்று தெரியவரும்போது மாணவர் மனம் தளர வேண்டியதில்லை. வெளிவந்த ஆய்வுகளுள் ஒன்றைத் தேர்ந்து, அதே தரவையும் அதே முறையையும் கொண்டு அதன் முடிவை மீண்டும் பெற முயல்வதையே முதல் மூன்று மாதப் பணியாக வைத்துக்கொள்வது மிகச் சிறந்த தொடக்கமாகும். முடிவு ஒத்துவந்தால் மேற்கொண்டு செல்ல உறுதியான தளம் கிடைக்கிறது. ஒத்துவராவிட்டால் எந்த இடத்தில் வேறுபடுகிறது என்ற தேடலே புதிய தலைப்பாகிவிடக்கூடும்.

கணிப்பைச் சோதிக்கும் முறையைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே எழுதி வைப்பது இன்றியமையாதது. கணினிக்குப் பயிற்சியளிக்கப் பயன்பட்ட மாதிரிகளும் அதைச் சோதிக்கும் மாதிரிகளும் நெருங்கிய உறவுடைய கிருமிகளாக இருந்துவிட்டால், வினாத்தாளை முன்பே பார்த்த மாணவர் பெறும் மதிப்பெண்ணைப் போல அந்தக் கணிப்பின் துல்லியமும் பொய்யாக உயர்ந்து தோன்றும். காசநோய்க் கிருமிகள் பல பரம்பரைகளாகப் பிரிந்துள்ளன. தென்னிந்தியாவில் முதலாம் பரம்பரையைச் சேர்ந்தவை மிகுதி என்பதால், பிற நாட்டு மாதிரிகளில் பயின்ற கணிப்பு முறை இங்குள்ள நோயாளிகளுக்குப் பொருந்துமா என்பதைத் தனியே சோதித்தாக வேண்டும். அச்சோதனையை மட்டுமே பொருளாகக் கொண்டு ஓர் ஆய்வேடு எழுதலாம். நம் மாணவர்கள் அதை மேற்கொண்டால் அது அரிய பணியாக அமையும்.

தரவு கைக்கு வரும் காலத்தையும் திட்டத்தில் கணக்கிட வேண்டும். கிருமிகளின் வரிசைகளை உடனே தரவிறக்கிக்கொள்ளலாம். மனிதர்களின் மரபணுத் தரவைப் பெறுவதற்கோ அறநெறிக் குழுவின் ஒப்புதலும் தரவைக் காப்பவர்களின் அனுமதியும் தேவைப்படும், அவற்றைப் பெறுவதற்குள் மாதங்கள் கடந்துவிடலாம். ஒரு மனிதரின் முழு மரபுத்தொகுதியைப் பற்றிய மூலத் தரவே ஏறக்குறைய 100 ஜிகாபைட் அளவுக்கு இடம் பிடிக்கும் என்பதால், நூறு பேரின் தரவை ஆராய விரும்புபவர் தம் துறையில் அதற்கேற்ற கணினி வசதி இருக்கிறதா என்பதைத் தலைப்பைப் பதிவு செய்வதற்கு முன்பே நெறியாளருடன் கலந்து பேசித் தெளிய வேண்டும். கணிப்புகளுள் சிலவற்றையேனும் சோதித்துத் தரக்கூடிய நுண்ணுயிரியல் ஆய்வகம் ஒன்றின் இசைவையும் அப்போதே பெற்றுக்கொள்வது நலம்.

இத்தகைய கேள்விகள் பைரசினமைடோடு முடிந்துவிடவில்லை. 2012இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்று, பின்னர் மருந்துகளை எதிர்க்கும் காசநோய்க்கான சிகிச்சையின் முதுகெலும்பாகிவிட்ட பெடாகுயிலின் என்னும் மருந்துக்கும் கிருமிகள் எதிர்ப்பைக் காட்டத் தொடங்கியுள்ளன. அவ்வெதிர்ப்போடு தொடர்புடைய ஆர்.வி.0678 என்னும் மரபணுவில் மாற்றங்கள் பரவலாகச் சிதறிக் காணப்படுகின்றன. அவற்றுள் பலவற்றின் விளைவு இன்னும் தெளிவாகவில்லை.