மண்ணெண்ணெய்க் காரும் மூன்று தாமதங்களும்

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த உரைக்கு என்னை அழைத்த செயலாளர் அக்கா ஒரேயொரு நிபந்தனை போட்டார். "தங்கச்சி, சீனி வருத்தம், பிரஷர் மட்டும் கதைச்சுப்போடாதை. அதைக் கேட்கத்தானே மாதாமாதம் கிளினிக்குக்கு வாறம்" என்றார். ஆகையால் இன்று நான் மருந்து பற்றிக் கதைக்கப்போவதில்லை. கார் பற்றிக் கதைக்கப்போகிறேன். ஆனால் முடிவில் எப்படியும் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிடுவேன். அதை அக்கா மன்னிக்க வேண்டும்.

என் அப்பா விசுவமடுவில் வாடகைக் கார் ஓடியவர். அவரிடம் இருந்தது ஒஸ்ரின் ஏ-40. சின்ன வயதில் எனக்குப் பவுடர் வாசத்தைவிட கிறீஸ் வாசம்தான் அதிகம் பழக்கம். அப்பா அடிக்கடி ஒரு பெயர் சொல்லுவார்: ஹென்றி ஃபோர்ட். "அந்த மனுசன் இல்லாட்டில் கார் பணக்காரன்ரை விளையாட்டுச் சாமானாத்தான் இருந்திருக்கும்" என்பார். அப்பா ஒருநாளும் ஃபோர்ட் கார் வைத்திருந்ததில்லை. ஆனாலும் அவர் சொன்னது சரி என்பதைப் பின்னாளில் வாசித்து அறிந்தேன்.

ஹென்றி ஃபோர்ட் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு விவசாயியின் மகன். 1903 இல் ஃபோர்ட் மோட்டார் கம்பனியைத் தொடங்கினார். 1908 இல் 'மாடல் ரி' என்ற கார் வந்தது. ஆரம்ப விலை 850 டொலர். 1913 இல் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் ஒரு புதுமுறை வந்தது. தொழிலாளி காரைத் தேடிப் போவதற்குப் பதிலாக, கார் நகர்ந்து தொழிலாளியிடம் வந்தது. ஒவ்வொருவரும் தனக்குரிய ஒரு பாகத்தை மட்டும் பூட்டினார்கள். ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பொருத்தப் பன்னிரண்டரை மணித்தியாலம் எடுத்த வேலை ஒன்றரை மணித்தியாலமாகக் குறைந்தது. விலையும் வருடாவருடம் இறங்கி 300 டொலருக்குக் கீழே வந்தது. 1927 இல் அந்தக் காரை நிறுத்தும்போது 1 கோடி 50 இலட்சம் கார்கள் செய்து முடித்திருந்தார்கள்.

இதில் நான் கவனித்த விடயம் வேறொன்று. ஒரு மாடல் ரி காரின் பாகம் இன்னொரு மாடல் ரி காருக்கு அப்படியே பொருந்தும். இராவி, தட்டிச் சரிசெய்யத் தேவையில்லை. ஊர்ப்புறத்து விவசாயி ஒரு சாவிக்கட்டோடு தானே திறந்து, தானே திருத்தினார். முதலாம் உலகப் போரில் பிரான்ஸ் போர்முனையில் இந்தக் கார்களின் மேல் மரக்கூடு பொருத்தி அம்புலன்ஸ் ஆக ஓட்டினார்கள். சேற்றில் புதைந்தால் நாலைந்து பேர் சேர்ந்து தூக்கிவிடலாம். உடைந்தால் வழியிலேயே திருத்தலாம்.

ஃபோர்டை முழுக்கப் புகழ்ந்துவிட்டு இறங்க என் மனம் ஒப்பாது. 1914 இல் நாள் ஒன்றுக்கு 5 டொலர் தருவதாக அறிவித்து உலகத்தை வியக்க வைத்தார். ஆனால் ஆரம்பத்தில் அந்தச் சம்பளம் பெண்களுக்கு இல்லை. அதைப் பெறும் ஆண்கள் வீட்டில் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்க்கக் கம்பனி ஆட்களை அனுப்பியது. 1920 களில் அவருடைய பத்திரிகை யூத மக்களுக்கு எதிராக வெறுப்பைப் பரப்பியது. 1927 இல் அவர் மன்னிப்புக் கேட்டார். ஓர் இனத்தின் மேல் பரப்பப்படும் வெறுப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நமக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. கெட்டிக்காரர் எல்லோரும் நல்லவர் அல்லர் என்பதைப் பின்வரிசைத் தங்கச்சிமார் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

இனி எமது மண்ணுக்கு வருகிறேன். ஃபோர்டுக்கும் வன்னிக்கும் என்ன தொடர்பு? இரண்டு தொடர்பு உண்டு.

முதலாவது, உழவு மிசின். வடக்கு அயர்லாந்தைச் சேர்ந்த ஹரி பேர்குசன், கலப்பையை மிசினுக்குப் பின்னால் மூன்று புள்ளிகளில் இணைத்து, எண்ணெய் அழுத்தத்தால் தூக்கி இறக்கும் முறையைக் கண்டுபிடித்தார். 1938 இல் ஃபோர்டும் அவரும் எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் கை குலுக்கிக்கொண்டு சேர்ந்தார்கள். அடுத்த வருடமே அந்த மிசின் வெளிவந்தது. பின்னர் நிர்வாகத்துக்கு வந்த பேரன் அந்தக் கைகுலுக்கலை முறித்தார். பேர்குசன் வழக்குப் போட்டார். 1952 இல் ஃபோர்ட் கம்பனி 92 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் கொடுத்து வழக்கை முடித்தது. அடுத்த வருடம் பேர்குசன் மெசி ஹரிஸ் கம்பனியோடு இணைந்தார். அதிலிருந்து வந்ததுதான் நாங்கள் எல்லோரும் அறிந்த சிவப்பு 'மெசி'.

மெசியைத் தெரியாத வன்னிப் பிள்ளை உண்டா? இரணைமடுத் தண்ணீரில் உழுததும் அதுதான். நெல்லு ஏற்றியது, கோயில் திருவிழாவுக்குச் சனம் ஏற்றியது, கலியாண மாப்பிள்ளையை ஏற்றியது எல்லாம் அதுதான். 1996 இல் நாங்கள் இடம்பெயர்ந்தபோது எமது பாடசாலையின் வாங்குமேசைகள், வரவுப் பதிவேடுகள், நூலகப் புத்தகங்கள் எல்லாம் போனதும் மெசியின் பெட்டியில்தான். அந்தப் பதிவேடுகளின் மேல் குந்தியிருந்து போன நாலு பேரில் நானும் ஒருத்தி. இன்று இந்த மலரில் பழைய மாணவிகளின் பெயர்ப் பட்டியல் அச்சாகியிருக்கிறதென்றால் அதற்கு அந்த மிசின்காரருக்கும் ஒரு நன்றி சொல்ல வேண்டும்.

இரண்டாவது தொடர்பு, மண்ணெண்ணெய். 1990 க்குப் பிறகு வன்னிக்குப் பெற்றோல் வரவில்லை. அப்போது படித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பின்னர் பிறந்தவர்களுக்குச் சொல்கிறேன். ஒஸ்ரின், மொரிஸ் போன்ற பழைய இங்கிலாந்துக் கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. தொடக்குவதற்கு மட்டும் கொஞ்சம் பெற்றோல். அப்பா ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல் விட்டு, சேலைன் குழாய் பூட்டி, மருந்து கொடுப்பதுபோலச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்து இயந்திரத்தைத் தொடக்குவார். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்.

இது நம்மவரின் கெட்டித்தனம் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். கெட்டித்தனம்தான், சந்தேகமில்லை. ஆனால் 1917 இல் ஃபோர்ட் செய்யத் தொடங்கிய 'ஃபோர்ட்சன்' உழவு மிசினும் இதே முறையில்தான் ஓடியது. பெற்றோலில் தொடக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய். காரணம் இலகுவானது. பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் ஆவியாகச் சூடு வேண்டும். பழைய இயந்திரங்கள் காற்றையும் எண்ணெயையும் அதிகம் அழுத்துவதில்லை. ஆகவே மட்டமான எண்ணெயையும் பொறுத்துக்கொண்டன. அதற்கு விலையும் உண்டு. எரியாத மண்ணெண்ணெய் இறங்கி இயந்திர எண்ணெயைத் தண்ணீராக்கிவிடும். அடிக்கடி எண்ணெய் மாற்ற வேண்டும். ஜெற் அடைத்துக்கொள்ளும். கறுப்புப் புகை கண்ணைக் கரிக்கும்.

கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் பல கார்களைத் தொடக்கினார்கள். இயந்திரம் திடீரென்று பின்னுக்கு உதைத்தால் மணிக்கட்டு எலும்பு உடையும். மருத்துவப் புத்தகத்தில் அந்த முறிவுக்கு இன்றும் 'ஷோஃபர் முறிவு', அதாவது கார்ச்சாரதியின் முறிவு என்று பெயர். மற்ற மாணவர்கள் அதைப் பாடமாக்கினார்கள். எனக்கு அப்பாவின் வலது கை ஞாபகம் வந்தது.

இப்போது ஆஸ்பத்திரி வாசலுக்கு வருகிறேன்.

1993 இல் ஓர் இரவு. நான் எட்டாம் வகுப்பு. அம்மாவுக்குப் பேறுகாலத்துக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. திடீரென்று இரத்தம் போகத் தொடங்கியது. அப்பா காரைத் தொடக்கினார். பின் ஆசனத்தில் அம்மாவின் தலை என் மடியில். கிளிநொச்சிக்குப் போகிற வழியில், முரசுமோட்டைக்குக் கிட்ட, கார் இருமி இருமி நின்றுவிட்டது.

அப்பா ஓடிப்போய் ஒரு கராஜ்காரரைத் தட்டி எழுப்பினார். கொட்டில்தான், கராஜ் என்று சொன்னால் அது மரியாதை. அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். ரோச்சுக்குப் பற்றரி கிடைக்காத காலம். ஜாம் போத்தல் விளக்கை என்னிடம் தந்து, "தள்ளிப் பிடி பிள்ளை, கிட்டக் கொண்டு வராதை" என்றார். கார்புரேற்றரைக் கழற்றினார். ஜெற்றை வாயில் வைத்து ஊதினார். மெல்லிய கம்பியால் குத்தினார். திரும்பப் பூட்டினார். நாற்பது நிமிடம் போயிருக்கும். கார் ஓடியது. காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

அம்மா பிழைத்தார். தம்பி பிழைக்கவில்லை.

அப்பா அந்த நாற்பது நிமிடத்தை வாழ்நாள் முழுக்கச் சுமந்தார். "நான் முதல்நாள் ஜெற்றைத் துடைச்சிருக்க வேணும்" என்பார். நான் மருத்துவம் படித்து, பேற்று மருத்துவப் பிரிவில் வேலை செய்த பிறகுதான் அவருக்கு விளக்கம் சொல்ல முடிந்தது. அம்மா சொன்ன அறிகுறிகளைப் பார்த்தால், நஞ்சு குழந்தை பிறக்க முன்னரே பிரிந்திருக்க வேண்டும். நாங்கள் வீட்டு வாசலில் ஏறும்போதே தம்பியின் நிலை மோசமாக இருந்திருக்கும். அந்த நாற்பது நிமிடம் இல்லாவிட்டால் அவன் பிழைத்திருப்பானா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கார் இல்லாவிட்டால், அந்தக் கொட்டில்காரர் இல்லாவிட்டால், அம்மாவும் இல்லை என்பதை உறுதியாகச் சொல்வேன். அதை அப்பாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு எழும்பிப் போய்க் காரைத் துடைத்தார்.

தாய்மார் ஏன் இறக்கிறார்கள் என்று ஆராய்ந்தவர்கள் மூன்று தாமதங்களைச் சொல்கிறார்கள். வைத்தியசாலைக்குப் போகத் தீர்மானிப்பதில் தாமதம்; போய்ச் சேர்வதில் தாமதம்; போய்ச் சேர்ந்த பின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். முதலாவதும் மூன்றாவதும் எங்கள் கையில், அதாவது குடும்பத்தின் கையிலும் வைத்தியரின் கையிலும் இருக்கின்றன. இரண்டாவது தாமதம் வீதியின் கையிலும் வாகனத்தின் கையிலும், அதைத் திருத்துகிறவரின் கையிலும் இருக்கிறது. நான் படித்த எந்த மருத்துவப் புத்தகமும் கராஜ்காரரைச் சுகாதார ஊழியர் என்று எழுதவில்லை. நான் எழுதுவேன்.

இன்று நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. 2018 முதல் 1990 என்ற இலக்கத்தை அழுத்தினால் வடக்கிலும் இலவச அம்புலன்ஸ் வருகிறது. 'தொண்ணூறு' என்றாலே பெற்றோல் இல்லாமல் போன வருடம் ஞாபகம் வரும் எங்களுக்கு, அந்த இலக்கம் அம்புலன்ஸைக் கொண்டுவருவது ஒரு ஆறுதல். புதிய கார்களில் ஆசனப்பட்டி, காற்றுப்பை எல்லாம் இருக்கின்றன. ஏ-9 வீதி விபத்துகளைப் பார்க்கிற எனக்கு அவற்றின் அருமை தெரியும். பழைய ஒஸ்ரினுக்குத் திரும்பிப் போவோம் என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் ஒன்றை இழந்துகொண்டிருக்கிறோம். இன்றைய வாகனத்தையும் வைத்தியசாலைக் கருவியையும் திறந்து பார்க்கத் தெரிந்தவர்கள் குறைவு. நான் முன்னர் வேலை செய்த ஓரிடத்தில், நல்ல மனதோடு வெளிநாட்டிலிருந்து அனுப்பப்பட்ட கருவி ஒன்று இரண்டு வருடம் துணி போர்த்தபடி மூலையில் இருந்தது. பழுது சின்னது. அதைத் திருத்தத் தெரிந்தவரும் இல்லை, அதற்குரிய பாகமும் இல்லை. ஒவ்வொரு நாளும் அதைக் கடந்து போகும்போது எனக்கு முரசுமோட்டை இருட்டு ஞாபகம் வரும். விளக்குப் பிடிக்க நான் இருக்கிறேன், திருத்த ஆள் இல்லை.

ஆகவே ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேர்ணிலும் இருந்து இந்த மலரை வாசிக்கப்போகும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். ஊருக்கு ஒரு இயந்திரம் அனுப்பும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இதன் பாகம் இலங்கையில் கிடைக்குமா? இதைத் திருத்த யாருக்குத் தெரியும்? தெரியாவிட்டால் ஒருவரைப் பழக்கும் செலவையும் சேர்த்துத் தருவோமா? மூன்றாவது கேள்விக்கு ஆகும் செலவு பெரும்பாலும் இயந்திரத்தின் விலையைவிடக் குறைவு.

பின்வரிசைத் தங்கச்சிமாருக்கும் ஒரு சொல். டொக்டராக, எஞ்சினியராக வரவேண்டும் என்று வீட்டில் சொல்லுவார்கள். வாருங்கள், நல்லது. ஆனால் கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016 இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் மோட்டார் வாகனத் தொழில்நுட்பமும் படிப்பிக்கிறார்கள். அதைப் படிக்க ஆசைப்படும் பிள்ளையைப் பார்த்து "இது பொம்பிளைப் பிள்ளைக்குரிய வேலையா" என்று கேட்காதீர்கள். ஃபோர்டும் 1914 இல் பெண்களைப் பற்றி அப்படித்தான் நினைத்தார். அது தவறு என்று அவரே பின்னர் மாற வேண்டியிருந்தது.

அடுத்த நூற்றாண்டில் இந்த மேடையில் ஒரு பழைய மாணவி நின்று, "நான் இந்த மாவட்டத்தின் அம்புலன்ஸ்களைத் திருத்துகிறவள்" என்று சொல்லக் கேட்க நான் இருக்க மாட்டேன். அதற்கு நூறு வருடம் காத்திருக்கவும் தேவையில்லை. அடுத்த பத்து வருடத்துக்குள் அந்தப் பிள்ளையை இந்த மேடைக்கு அழையுங்கள். நான் முன்வரிசையில் வந்து இருந்து கைதட்டுவேன்.