வரகும் ஈரமும்

(ஐயம்பேட்டையில் நெசவாளர்களும் சுற்றுப்புற விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



ஐக்கிய நாடுகள் சபை 2023 ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அதற்கு முன்னும் பின்னும், நாம் மறந்திருந்த வரகு மீண்டும் நம் அடுக்களைக்கு வந்து கொண்டிருக்கிறது. இது மகிழத்தக்கதே. ஆயினும், 'கிறுக்கு வரகு' என்று நாட்டுப்புறத்தில் வழங்கும் சொல்லையும் நாம் மறத்தலாகாது.

2024 அக்டோபர் இறுதியில் மத்தியப் பிரதேசத்துப் பாந்தவ்கர் காட்டில் 13 யானைகள் கொண்ட கூட்டத்தில் 10 யானைகள் மாண்டன. அவை வயலில் புகுந்து வரகுப் பயிரைத் தின்றிருந்தன. இது புதிதன்று. 1933 டிசம்பரில் நமது வண்ணாத்திப்பாறைக் காட்டில் வரகைத் தின்று 14 யானைகள் இறந்ததாகப் பதிவு உண்டு.

குற்றம் வரகினுடையதா? இல்லை. கதிர் முற்றும் காலத்தில் மழை பெய்தாலும், அறுத்த கதிரை ஈரத்தோடு குவித்தாலும், அதில் ஒருவகைப் பூஞ்சணம் பற்றுகிறது. அது சைக்ளோபியசோனிக் அமிலம் என்னும் நஞ்சைச் சுரக்கிறது. பாந்தவ்கர் யானைகளின் உடற்கூறுகளைச் சோதித்த பரேலி கால்நடை ஆராய்ச்சி நிலையத்தார் கண்டது இந்த அமிலத்தையே.

இது உடலில் செய்வதென்ன? தசை சுருங்கும்போது, அதனுள் உள்ள சேமிப்பு அறையிலிருந்து கால்சியம் வெளிவருகிறது. அதனைத் திரும்ப உள்ளே சேர்ப்பது ஒரு நொதி. அது சேர்ந்தால்தான் தசை தளரும். தறியில் நாடா ஒருபுறம் சென்று மறுபுறம் திரும்பினால்தானே நெசவு நடக்கும்? அந்தத் திரும்புதலை இவ்வமிலம் தடுத்து விடுகிறது. கிறுக்கு வரகு உண்டவர்க்கு மயக்கம், வாந்தி, நடுக்கம் உண்டாவதும், கையிற் பிடித்த பொருள் நழுவுவதும் வழக்கம். உண்டவர் பெரும்பாலும் ஓரிரு நாட்களில் தேறுவர். எனினும் குழந்தைகளையும் முதியோரையும் வைத்துச் சோதனை பார்க்கலாமா?

ஆகவே நாம் செய்ய வேண்டுவன சில. கதிர் முற்றியதும் காலந்தாழ்த்தாது அறுக்க வேண்டும். நனைந்த கதிரைக் குவித்து வைக்காமல், களத்தில் பரப்பி நன்கு உலர்த்த வேண்டும். மூட்டைகளைத் தரையிற் படாமல் பலகைமேல் அடுக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த தானியத்தை மனிதரும் உண்ணலாகாது, மாட்டுக்கும் இடலாகாது. கழுவினால் போகும், வேகவைத்தால் போகும் என்று நம்பியிருத்தல் கூடாது. கடையில் வாங்கும் தாய்மார்கள் ஈரவாடையும் நிறமாற்றமும் உள்ள வரகை ஒதுக்கிவிடுக. உண்டபின் மயக்கமோ நடுக்கமோ கண்டால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லுங்கள். எஞ்சிய தானியத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.

நம் காஞ்சி வட்டாரம் கோயில்கள் நிறைந்தது. கோபுரக் கலசத்தில் வரகு இடும் மரபை நாம் அறிவோம். உலர்ந்த வரகு நெடுங்காலம் கெடாது என்பதைக் கண்டே நம் முன்னோர் அதனை அங்கு வைத்தனர் என்பர். அதே வரகு நனைந்து கிடந்தால் நஞ்சாகிறது. இரண்டிற்கும் இடையே நிற்பது களத்தில் நாம் காட்டும் கவனமே. அக்கவனத்தை இந்த அறுவடையிலேயே தொடங்குவோமாக.