செய்தியில் வராத அந்த ஆள்

இன்னைக்கு எபிசோடுக்கு ஹெட்போன் போட்டுக்கோங்க. ஸ்பீக்கர்ல போட்டா வீட்ல ஒரு பார்வை பார்ப்பாங்க. பாலியல் தொழில் பத்தித்தான் பேசப் போறோம்.

நம்ம மதுரைப் பக்கம் பேப்பர்ல அடிக்கடி பார்த்திருப்பீங்க. லாட்ஜ்ல ரெய்டு, 'அழகிகள்' மீட்பு. போட்டோவுல துப்பட்டாவால முகத்தை மூடின பெண்கள். புரோக்கர் பேர் இருக்கும், லாட்ஜ் இருக்கிற தெரு இருக்கும். காசு கொடுத்து வந்த ஆள் மட்டும் பெரும்பாலும் செய்தியிலேயே இருக்க மாட்டார். அந்தப் பெண்ணுக்குத் தமிழ்ல பரத்தை, விலைமாது, தாசின்னு எத்தனை பேர் வெச்சிருக்கோம்! வர்ற ஆளுக்கு? 'கஸ்டமர்'. மளிகைக் கடைக்கு வர்றவருக்கும் அதே பேர்தான்.

இதை 1936லயே ஒருத்தர் கவனிச்சாங்க. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். தேவதாசிச் சமூகத்துல வளர்ந்து, அந்த முறையை எதிர்த்தே போராடினவங்க. அவங்க எழுதின நாவல் பேரு 'தாசிகளின் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்'. இங்க மைனர்னா சின்னப் பையன் இல்ல, சொத்துல ஊர் சுத்துற பணக்கார வீட்டுப் பிள்ளை. அந்த ஆளையும் தலைப்புக்கே கொண்டு வந்துட்டாங்க. முத்துலட்சுமி ரெட்டி, அம்மையார் மாதிரியானவங்க போராடித்தான் 1947ல சென்னை மாகாணத்துல தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. இன்னைக்கு அரசுப் பள்ளியில படிச்சுட்டுக் காலேஜ் போற பெண்களுக்கு மாசம் 1000 ரூபாய் தர்ற 'புதுமைப் பெண்' திட்டத்தோட முழுப் பேர்ல இருக்கிறது இந்த அம்மையார் பேர்தான்.

சரி, இப்போ சட்டம் என்ன சொல்லுது? 1956ல வந்த ஒழுக்கக்கேடான வியாபாரத் தடுப்புச் சட்டம் இருக்கு. ஒரு பெரிய பெண் தன் விருப்பத்துல, தனியா இந்தத் தொழில் செய்றதை அது நேரடியாகக் குற்றம்னு சொல்லல. ஆனா அதைச் சுத்தி இருக்கிற எல்லாமே குற்றம். ரெண்டு பெண்கள் ஒரே வீட்டை வாடகைக்கு எடுத்து, ரெண்டு பேரும் அங்க இந்தத் தொழிலைச் செஞ்சா அது 'விபச்சார விடுதி'. வழிபாட்டுத் தலம், கல்வி நிலையம், ஆஸ்பத்திரியில இருந்து 200 மீட்டருக்குள்ள செஞ்சா குற்றம். சோழவந்தான்ல கோயில் இல்லாத 200 மீட்டரை யாராவது காட்டுங்க பார்ப்போம்! இன்னொண்ணு, அந்த வருமானத்துல வாழ்றவங்க 18 வயசு தாண்டியிருந்தா அவங்களும் குற்றவாளி ஆகலாம். காலேஜ் படிக்கிற மகன், வயசான அம்மா, எல்லாரும் அந்த வரியில மாட்டுவாங்க. சுவாரசியம் என்னன்னா, அந்த 200 மீட்டர் பிரிவுல வாடிக்கையாளரும் குற்றவாளிதான். சட்டத்துல இருக்கிற ஆளு பேப்பர்ல காணாமப் போயிடறார்.

2022 மே 19ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டுச்சு. 'பாலியல் தொழில் இனி சட்டபூர்வம்'னு வாட்ஸப்ல சுத்துச்சே, ஞாபகம் இருக்கா? அப்படி இல்லைங்க. நிபுணர் குழு 10 பரிந்துரை கொடுத்தது. சிலதுல மத்திய அரசுக்கு உடன்பாடு இல்ல. சம்மதத்தோட செய்ற பெரியவங்களைப் போலீஸ் கைது செய்யக் கூடாதுங்கிறது அந்த லிஸ்ட்ல இருந்தது. எதிர்ப்பு இல்லாததை மட்டும்தான் உடனே அமல்படுத்தச் சொன்னாங்க. அதுவே பெரிய விஷயம்தான். பாலியல் வன்முறைக்கு ஆளானா மருத்துவ உதவி கொடுக்கணும். ஆணுறையைக் குற்றத்துக்கு ஆதாரமா காட்டக் கூடாது. விருப்பமில்லாம காப்பகத்துல வெச்சிருக்கிற பெண்களோட கேஸை மறுபடி பார்க்கணும். ரெய்டுல அடையாளம் வெளியே வரக் கூடாது, அவங்க பாதிக்கப்பட்டவரா இருந்தாலும் சரி, குற்றம் சாட்டப்பட்டவரா இருந்தாலும் சரி.

என் துறைக்குப் பிடிச்ச பாயிண்ட் ஒண்ணு இருக்கு. முகவரிச் சான்று இல்லாத இவங்களுக்கு ஆதார் கொடுக்கணும், ஆனா அந்த எண்ணுல தொழிலைக் காட்டிக் கொடுக்கிற எந்தக் கோடும் இருக்கக் கூடாதுன்னாங்க. ஒரு டேட்டாபேஸ்ல எதைச் சேமிக்கிறோம்ங்கிறது எவ்வளவு முக்கியமோ, எதைச் சேமிக்காம விடறோம்ங்கிறதும் அவ்வளவு முக்கியம்.

'வறுமையில கொடுக்கிற சம்மதம் சம்மதமா ப்ரோ?'ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. 18 வயசுக்குக் கீழன்னா பேச்சே இல்ல, அது குற்றம். ஏமாத்தி, கடத்திக் கொண்டு வந்தாலும் அப்படித்தான். ஆனா வேற வழி குறைவா இருக்கிற ஒருத்தியைப் பிடிச்சு அடைச்சு வெச்சா, இருந்த வழியும் போயிடுது. அவளுக்கு வேணும்னா வேற வேலை, கடன்ல இருந்து விடுதலை, பிள்ளைக்குப் படிப்பு கொடுங்க. வேணுமான்னு அவகிட்டயே கேளுங்க.

இது நமக்குச் சம்பந்தமில்லாத கதைன்னு நினைக்காதீங்க. 2019ல கோயம்புத்தூர்ல ஒரு தங்கும் விடுதிக்குச் சீல் வெச்சாங்க. கல்யாணமாகாத ஜோடி தங்கியிருந்ததும் ஒரு காரணமாச் சொன்னாங்க. கல்யாணமாகாத ரெண்டு பேர் ஒரே ரூம்ல தங்கினா அது குற்றம்னு எந்தச் சட்டமும் சொல்லலைன்னு சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாச் சொல்லிடுச்சு. டேட்டிங் ஆப்ல சந்திச்ச ரெண்டு பேர் மேல விழுற அதே சந்தேகப் பார்வைதான் அந்தப் பெண்கள் மேலயும் விழுது. சம்மதம்ங்கிற வார்த்தையை நமக்கு மட்டும் கேட்டு வாங்கிக்கிட்டு, அவங்களுக்கு இல்லைன்னு சொல்ல முடியாது.

அதனால அடுத்த தடவை ரெய்டு போட்டோ குரூப்புக்கு வந்தா ஃபார்வர்ட் பண்ணாதீங்க. கூடவே, 'வந்த ஆள் எங்கடா?'ன்னு ஒரு கேள்வி போடுங்க. யாராவது பதில் சொன்னா எனக்கும் அனுப்புங்க. அடுத்த வாரம் பேசுவோம்.